மேளமும் தந்தியும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பேஸ் கிட்டார்காரரின் பதில்கள்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நால்வர் சேர்ந்து புளூஸ் ராக் வாசிக்கிறோம். நான் பேஸ் கிட்டார். சொந்தமாக ஒரு பாட்டுப் போடலாம் என்றால், ‘மெட்டுப் போடுவது லீட் கிட்டார்காரர் வேலை, நீ பின்னால் நின்று வாசி’ என்கிறார்கள். பேஸ் வாசிப்பவர் பாட்டுப் போட முடியாதா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மெல்லிசைக் குழுக்களில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. உங்கள் லீட் கிட்டார்காரரிடம் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ என்ற பாட்டு தெரியுமா என்று கேளுங்கள். கட்டாயம் வாசித்திருப்பார். லீட் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் போட்ட மெட்டு என்றும் அடித்துச் சொல்வார். போட்டவர், கிளாப்டனும் இருந்த 1960களின் பிரிட்டிஷ் ராக் குழுவான கிரீமின் பேஸ் கிட்டார்காரர் ஜாக் புரூஸ்.

1967 ஜனவரி 29 அன்று லண்டன் சேவில் தியேட்டரில் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கச்சேரி. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன புரூஸுக்கு மெட்டு வந்தது என்பது கிளாப்டன் சொன்னது. வரிகளை எழுதிய கவிஞர் பீட் பிரவுன் சொன்னது வேறு. இரவெல்லாம் உட்கார்ந்தும் ஒன்றும் தேறவில்லையாம். கடைசியில் புரூஸ், நின்றபடி வாசிக்கிற பெரிய டபுள் பேஸை எடுத்து இதை வாசித்திருக்கிறார். பிரவுன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் விடியப் போகிறது. அதையே முதல் வரியாக எழுதிவிட்டார். எது உண்மை என்று ரசிகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டுமே உண்மையாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? கச்சேரியில் காதில் ஏறியது எந்த ராத்திரி விரலுக்கு வரும் என்று யார் கண்டது!

மெட்டை நம் ஸ்வரத்தில் சொல்கிறேன். மேற்கத்திய ‘டி’ ஸ்வரத்தை ஷட்ஜமாக (ஸ) வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஸ ஸ நி ஸ. பிறகு பஞ்சமம், பிரதி மத்யமம், சுத்த மத்யமம். அங்கிருந்து கீழ் ஸ, க, ஸ. நிஷாதம் கைசிகி, காந்தாரம் சாதாரணம். இரண்டு மத்யமங்களையும் அடுத்தடுத்துத் தொட்டு இறங்குகிறதே, அந்த இடத்தில்தான் புளூஸ் குடியிருக்கிறது. கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளத்தில் எதிலும் இரண்டு மத்யமமும் சேர்ந்து வராது. பாட்டு வாத்தியார் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒரு முழு ஸ்தாயி இறங்கிக் கீழே போய் உட்காருவது பேஸ் வாசிக்கிற கையின் புத்தி. லீட் கிட்டார்காரரின் கை எப்போதும் மேலே ஏறத்தான் பார்க்கும். புரூஸ் ஸ்காட்லாந்தில் செல்லோ படித்தவர். கனத்த தந்தியில் பழகிய கை.

கட்டுமானமும் கவனிக்க வேண்டியது. வழக்கமான புளூஸ் 12 ஆவர்த்தனம் (ஆங்கிலத்தில் ‘பார்’). இது அதன் இரட்டிப்பு, 24. மெட்டு டி-யில் எட்டு ஆவர்த்தனம், ஜி-க்கு நகர்ந்து நாலு, திரும்ப டி-யில் நாலு. மிச்சம் எட்டில் ஏ, சி, ஜி என்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) மாறும்போது பாட்டின் தலைப்பு வரி வந்து விழுகிறது. அந்தக் கடைசிப் பகுதிதான் கிளாப்டன் பங்கு. ஆகவே பாட்டுக்கு உரியவர்களாக மூன்று பெயர்கள்: புரூஸ், பிரவுன், கிளாப்டன். நீங்களும் முதல் 16 ஆவர்த்தனத்தைப் போட்டுவிட்டு, கடைசி எட்டை உங்கள் நண்பரிடம் கொடுங்கள். வாய் மூடும்.

கேள்வி: எங்கள் குழுவின் பாட்டு ஒன்றுக்கு நான் தாளத்தை மாற்றிய பிறகுதான் உயிர் வந்தது. ஆனால் என் பெயரைப் போடவில்லை. ட்ரம்ஸ் வாசிப்பவருக்குப் பாட்டில் பங்கு கிடையாதா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: மேலே சொன்ன பாட்டிலேயே உங்கள் வழக்கும் இருக்கிறது. ராக் பாட்டில் நாலு எண்ணிக்கையில் அடி இரண்டிலும் நான்கிலும் விழும். கிரீமின் ட்ரம்ஸ்காரர் ஜிஞ்சர் பேக்கர் இதில் ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தி, டாம்-டாம் என்ற கனத்த ட்ரம்மில் உருட்டினார். 1967 மே மாதம் நியூயார்க் அட்லாண்டிக் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. கௌபாய் படங்களில் செவ்விந்தியர் ஆடும்போது வருகிற கொட்டு மாதிரி வாசிக்கச் சொன்னது நானே என்றார் ஒலிப்பதிவாளர் டாம் டவுட். பேக்கர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. யார் சொல்லியிருந்தாலும் பாட்டுக்கு உரியவர்கள் வரிசையில் பேக்கர் பெயர் ஏறவில்லை; அந்தக் கசப்பு அவருக்குப் போகவுமில்லை.

அந்தப் பாட்டை வழக்கமான இரண்டு-நான்கு அடியில் வாசித்துப் பாருங்கள், பாதி செத்துவிடும். அதனால் என் ஓட்டு பேக்கருக்கு. ஆனால் ஓட்டு பணமாகாது. மெட்டுக்கும் வரிக்கும்தான் பெயர் போடுவது வழக்கம் என்பதால், ஒலிப்பதிவுக்கு முன்பே பங்கைப் பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நட்பு கெடும் என்பார்கள். எழுதாவிட்டால் இன்னும் நன்றாகக் கெடும்.

கேள்வி: மேடையில் அடுத்த குழுவின் பாட்டை வாசிப்பது கௌரவக் குறைச்சலா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: ‘சன்ஷைன்’ பாட்டின் நடுவே கிளாப்டன் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடம், ‘புளூ மூன்’ என்ற 1930களின் பாட்டின் முதல் வரி. சூரியனுக்குள் நிலாவை நுழைத்த குறும்பு! 1969 ஜனவரி 4 அன்று பிபிசியின் நேரலையில் ஹென்ட்ரிக்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதற்குச் சில வாரம் முன்பு கலைந்துபோன கிரீம் குழுவுக்குச் சமர்ப்பணம் என்று இதே ‘சன்ஷைன்’ பாட்டை வாசித்தார். நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் தாண்டியது. அவருக்குக் குறையாத கௌரவம் உங்களுக்கு ஏன் குறையப் போகிறது? யார் பாட்டு என்று மட்டும் மைக்கில் சொல்லிவிடுங்கள்.