சிபிகே 860, டிரோபோனின் இயல்பு: அப்பாவுக்கு மாரடைப்பா?

உங்கள் அப்பாவின் இரத்தப் பரிசோதனையில் சிபிகே (தசைகளில் உள்ள ஒரு நொதி) 860 என்று உயர்ந்து வந்திருப்பதால், அது மாரடைப்போ என்று கேட்டிருக்கிறீர்கள். டிரோபோனினும் (இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் புரதம்) இசிஜியும் இயல்பாக இருக்கும்போது, அந்த அளவை மட்டும் வைத்து அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. சிபிகே இதயத்துக்கே உரிய நொதியன்று. கை, தொடை, முதுகுத் தசைகளில்தான் அது மிகுதி.

இரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாள், வீடு மாற்றும்போது அவர் பீரோவையும் அரிசி மூட்டைகளையும் மாடிக்குத் தூக்கினார் என்று நீங்களே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது. பழக்கமில்லாத பளுவால் தசை இழைகள் சிதையும்போது இந்த நொதி இரத்தத்தில் கசிந்து, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும்.

ஒரு வாரம் கடின வேலை எதுவும் செய்யவிடாமல், அதே ஆய்வகத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால், கொழுப்புக்காக அவர் எடுத்துக்கொள்ளும் அடார்வாஸ்டேட்டின் மாத்திரை காரணமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்சுவலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் டிரோபோனின் இயல்பாகவே காட்டக்கூடும். ஆகவே நெஞ்சில் இறுக்கமோ, மூச்சுத் திணறலோ, திடீர் வியர்வையோ வந்தாலும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும், அந்த ஒரு வாரத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.