கட்டடம் கொண்டோ ஆகிறதாம், நாங்கள் எழும்ப வேண்டுமா?

கேள்வி: ரொறன்ரோ ஸ்காபரோவில் பழைய அடுக்குமாடி ஒன்றில் 16 வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். மொத்தம் 40 வீடுகள். கட்டடத்தைக் கொண்டோவாக்கி ஒவ்வொரு வீடாக விற்கப் போகிறார்களாம், இப்போதே எழும்பினால் 5,000 டொலர் தருகிறோம் என்று மனேஜர் ஒரு கடதாசியை நீட்டுகிறார். காசை வாங்கிக்கொண்டு போவதா, அல்லது இந்த வீட்டையே வாங்கிவிடுவதா?

பதில்: தயவுசெய்து அதில் கையெழுத்து வைக்காதீர்கள். அது என்-11 படிவமா என்று பாருங்கள். அப்படியென்றால், நீங்களே சம்மதித்து வீட்டை விடுகிறீர்கள் என்று பொருள், அதை வைத்து வீட்டுக்காரர் உங்களை விசாரணைக்குக்கூடக் கூப்பிடாமல் வாடகைத் தீர்ப்பாயத்தில் உத்தரவு வாங்கிவிடலாம்.

கட்டடத்தைக் கொண்டோவாக்குவதும் மனேஜர் நினைத்தவுடன் நடக்கிற வேலை இல்லை. ரொறன்ரோ நகரத் திட்டத்தின்படி, 6 அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை மாற்ற வேண்டுமென்றால் அங்குள்ள எல்லா வீட்டு வாடகையும் நடுத்தர வாடகையைத் தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகரில் வாடகை வீட்டுத் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்று மாநகரசபை கருத வேண்டும். காலி வீடுகள் தொடர்ந்து நான்கு வருடம் 3 வீதத்துக்குக் குறையாமல் இருந்தனவா என்பதையும் அதற்குப் பார்ப்பார்கள். 16 வருடமாக இருக்கிறவர்களின் வாடகை அவ்வளவு உயர்ந்திருக்குமா? விண்ணப்ப இலக்கத்தைக் கேளுங்கள், நகரத் திட்டமிடல் பிரிவில் விசாரியுங்கள்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைப்போம். சாதாரணமாக ஒரு கொண்டோவை வாங்கியவர் தானே குடியிருக்கப் போவதாகச் சொன்னால், என்-12 என்ற வெளியேறும் அறிவித்தலைக் கொடுத்து வாடகைக்காரரை எழுப்ப வழி உண்டு. ஆனால் ஒன்ராறியோவின் 2006 வாடகைச் சட்டத்தில் 51ஆம் பிரிவு, கட்டடம் கொண்டோவாகப் பதிவாகும் நாளில் அங்கே வாடகைக்கு இருந்தவருக்கு அந்த என்-12 கொடுக்கக் கூடாது என்கிறது. உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு இதுதான். ஆனால் பதிவுக்குப் பிறகு போடும் புது வாடகை ஒப்பந்தத்துக்கு இது இல்லை. அதனால் "மேல்மாடியில் நல்ல வீடு காலியாக இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள்" என்று ஆசை காட்டினால் அவசரப்பட்டு மாறிவிடாதீர்கள்.

அப்புறம் வாங்குவது. உங்கள் வீட்டை மட்டும் வாங்க ஒருவர் விலை கேட்டு, வீட்டுக்காரருக்கும் அது பிடித்திருந்தால், அதே விலைக்கு, அதே நிபந்தனைகளுக்கு வாங்கும் முதல் உரிமை உங்களுக்குத்தான். பல வீடுகளைச் சேர்த்து ஒருவர் வாங்கினால் இந்த உரிமை வராது. வீட்டுக்காரர் விலையை ஒப்புக்கொள்வதற்கு முன் உங்களுக்கு 72 மணித்தியாலமாவது அறிவித்தல் தர வேண்டும், அந்த மூன்று நாளுக்குள் வங்கிக் கடனுக்கு ஓடித் திரிய முடியாது என்பதால் கடன் முன்அனுமதியை இப்போதே எடுத்துவைத்திருங்கள். கட்டடத்தின் நிதி நிலையைக் காட்டும் கொண்டோ நிலைச் சான்றிதழும் அப்படித்தான், அதற்குக் கொண்டோ நிர்வாகம் 100 டொலருக்கு மேல் கேட்கக் கூடாது, ஆனால் தருவதற்கு அவர்களுக்கு 10 நாள் அவகாசம் உண்டு. கட்டடம் பதிவானவுடனேயே விண்ணப்பித்து, கிடைத்ததும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து, பெரிய திருத்த வேலைகளுக்கென்று சேர்த்துவைக்கும் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய கட்டடத்தில் லிஃப்ட், கூரை, தண்ணீர்க் குழாய், நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் எல்லாமே திருத்த வேலைக்கு வரும், நிதி போதாவிட்டால் வீடு வீடாக மேலதிகமாக அறவிடுவார்கள். அந்தக் கணக்கைப் பார்க்காமல் முற்பணம் கட்டுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மனேஜர் மறுபடி வந்தால், சொல்வதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் உங்கள் பகுதிச் சட்ட உதவி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.