கிணற்றில் தெரியும் சாம்பல் அடுக்கை வைத்து மண்ணின் வயதைச் சொல்ல முடியுமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் நிலத்துக் கிணற்றை ஆழப்படுத்தினோம். பதினெட்டு அடி ஆழத்தில், செம்மண்ணுக்கும் ஆற்று மணலுக்கும் நடுவில், முக்கால் சாண் கனத்துக்கு வெளுத்த சாம்பல் நிறத்தில் மாவாக ஓர் அடுக்கு தெரிகிறது. "இது டோபா எரிமலைச் சாம்பல், 74,000 வருஷப் பழசு" என்று என் மகன் போனில் பார்த்துச் சொல்கிறான். உண்மையா? அதற்குக் கீழே உள்ள மண்ணின் வயதைக் கண்டுபிடிக்கலாமா? அடுத்த வாரம் உள்சுவர் கட்ட ஆள் வருகிறார்கள்.

பதில்: உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. சுமத்ரா தீவில் இருந்த டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அந்தக் குழிதான் இன்று 100 கி.மீ. நீளமுள்ள டோபா ஏரி. அதன் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி இந்தியாவில் பல ஆற்றுப் படுகைகளில் விழுந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், ஆந்திராவில் கடப்பா பக்கத்து சகிலேறு ஆற்றங்கரையிலும், பனகானபள்ளி அருகே ஜ்வாலாபுரத்திலும் அதைப் பார்க்கலாம். ஜ்வாலாபுரம் வேலூரிலிருந்து நேர்க்கோட்டில் முந்நூறு கி.மீ.கூட இல்லை. அதனால் உங்கள் கிணற்றிலும் இருக்க வழியே இல்லை என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வெளுத்த மாவெல்லாம் எரிமலைச் சாம்பல் ஆகிவிடாது. வட ஆற்காட்டு மண்ணில் அப்படி ஏமாற்றக்கூடிய சரக்கு நிறையவே இருக்கிறது.

முதல் சந்தேகம் சுக்கான். நம் பக்கத்துச் செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் அடியில் சுண்ணாம்பு உருண்டைகளாகவும் மாவாகவும் படிந்திருப்பதைக் கிணறு வெட்டுபவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அடுத்தது வெள்ளைக் களிமண். பாறை மக்கி உண்டாகும் இதுவும் அடுக்காகவே தெரியும். அப்புறம் மனிதர்கள் கொட்டியவை: செங்கல் சூளைச் சாம்பல், அரிசி ஆலை உமிச் சாம்பல், தோல் பதனிடும் இடங்களின் சுண்ணாம்புக் கசடு. பதினெட்டு அடியில் கொட்டினது எப்படி வரும் என்று கேட்காதீர்கள். பழைய குழியைத் தூர்த்த இடமாக இருந்தால் வரும். அதனால் அடுக்கு கிணற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் ஓடுகிறதா, ஒரு பக்கம் மட்டும் கிண்ணம் போலக் குழிந்து நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். குழிந்து நின்றால் அது பெரும்பாலும் யாரோ வெட்டிய பள்ளம்தான்.

சரி, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைக்கு வருவோம். ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. எரிமலைச் சாம்பல் பொங்காது. ஆனால் மேலிருந்து இறங்கும் சுண்ணாம்புத் தண்ணீர் நல்ல சாம்பலிலும் படியும் என்பதால், பொங்கியதுமே தூக்கிப் போட வேண்டாம். பொங்கி அடங்கிய பிறகு என்ன மிச்சம் என்று பாருங்கள். அடுத்து, ஈரமாக்கி விரலில் தேயுங்கள். களிமண் வழுக்கும், உருட்டினால் திரியாக வரும். சாம்பல் நறநறக்கும், திரியாகாமல் உடையும்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மாவைப் போட்டுக் கலக்கி, சற்று நிற்க விட்டு, மேல் கலங்கலை மட்டும் ஊற்றிவிடுங்கள். தண்ணீர் தெளிகிற வரை இப்படியே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அடியில் தங்குவதை உலர்த்தி, நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் வெயிலில் பாருங்கள். எரிமலைச் சாம்பல் என்பது உண்மையில் எரிந்து மிஞ்சிய சாம்பலே இல்லை, பொடியாகிப் போன கண்ணாடி. கொதிக்கும் பாறைக் குழம்பில் வாயுக் குமிழிகள் வெடித்து, அந்தக் குமிழிச் சுவர்கள் சிதறி உறைந்தவை. அதனால் நிறமில்லாத, விளிம்பு கூரான, வளைந்த சில்லுகள் தெரிய வேண்டும். மூன்று குமிழிகள் சேர்ந்த இடத்தில் உடைந்த சில்லு மூன்று கை நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு தரம் பார்த்துவிட்டால் மறக்காது. உருண்டு தேய்ந்த மணிகள் மட்டுமே தெரிந்தால் அது வெறும் மணல். கறுப்பு அபிரகத் (மைக்கா) தகடுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். டோபா சாம்பலில் அது உண்டுதான், ஆனால் நம் ஊர்ப் பாறைகளிலிருந்தும் தாராளமாக உதிரும்.

இடையில் ஒன்று: ஏலகிரி பழைய எரிமலை என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். அது பூமிக்குள்ளேயே உறைந்து, பிற்பாடு மேல் மண் அரித்துப்போய் வெளிப்பட்ட பாறை. வயது 75 கோடி ஆண்டுகளுக்கும் மேல். உங்கள் கிணற்றுச் சாம்பலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சில்லுகள் இருந்தால், வயது எப்படித் தெரியும்? போகியன்று விடிவதற்குள் தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் கரி படிந்துவிடுகிறதல்லவா? எரிமலைச் சாம்பலும் அப்படி, ஆயிரக்கணக்கான கி.மீ. பரப்பில் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் விழுந்து முடிந்துவிடும். மண்ணின் கணக்கில் அது ஒரு நொடி. ஆகவே ஒரே சாம்பல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அந்த மட்டத்துக்கு ஒரே வயது. அதற்குக் கீழே உள்ளது மூத்தது, மேலே உள்ளது இளையது.

அந்த வயதை அளப்பது சாம்பலோடு சேர்ந்து விழுந்த படிகங்களை வைத்து. சானிடின் என்ற படிகத்தில் பொட்டாசியம் உண்டு. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். அது சிதையும்போது ஒரு பகுதி ஆர்கான் வாயுவாகிறது. குழம்பாகக் கொதிக்கும்போது ஆர்கான் தப்பிவிடும், வெடித்து ஆறிய பிறகு படிகத்துக்குள்ளேயே சிறைப்படும். சேர்ந்த ஆர்கானை அளந்தால் வெடிப்பு எப்போது என்று தெரியும். மலேசியாவின் லெங்கோங்கில் கிடைத்த படிகங்களை இப்படி அளந்தபோது 73,880 ஆண்டுகள் என்றும், பிழை முன்பின் 320 என்றும் வந்தது.

ஆனால் அளக்கும் அளவுக்குக் கனமான படிகங்கள் எரிமலைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். சுமார் 2,500 கி.மீ. தள்ளியிருக்கும் நமக்கு வருவது பெரும்பாலும் கண்ணாடித் தூள்தான். அதனால் இங்கே செய்வது அடையாளம் பார்ப்பது. தூளின் சிலிக்கா, பொட்டாசியம், இரும்பு அளவுகளை எலெக்ட்ரான் கற்றைக் கருவியில் எடுத்து, சுமத்ரா சாம்பலோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் அங்கே கிடைத்த வயதை இங்கே எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டோபா ஒரு தரம் மட்டும் வெடிக்கவில்லை. ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும், 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் வெடித்திருக்கிறது. கண்ணாடியின் சேர்மானம் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருக்கும். புனே மாவட்டத்தின் போரி என்ற ஊரில் கற்கருவிகளோடு கிடைத்த சாம்பலை ஒரு தரப்பு 14 லட்சம் ஆண்டுகள் என்றது, இன்னொரு அளவீடு ஆறரை லட்சத்துச் சொச்சம் என்றது, வேறு சிலர் இதே 74,000 ஆண்டுச் சாம்பல்தான் என்றார்கள். ஆகவே "டோபா" என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த டோபா என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று கனம். ஜ்வாலாபுரத்தில் சாம்பல் சில இடங்களில் இரண்டரை மீட்டர் இருக்கிறது. அத்தனையும் வானத்திலிருந்து நேராக விழுந்ததல்ல. அடியில் உள்ள சில செ.மீ. மட்டுமே முதலில் விழுந்தது. மற்றது மேட்டிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்து தாழ்வில் சேர்த்தது. உங்கள் முக்கால் சாணும் அப்படியே இருக்கலாம். அதனால் கத்தி வைத்து வெட்டினாற்போன்ற அடி விளிம்புக்குத்தான் வயது. அடி விளிம்பே கலங்கி, மணல் கலந்து இருந்தால் ஆறு எங்கிருந்தோ பழைய சாம்பலை வாரிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். அப்போது கீழுள்ள மண் 74,000 ஆண்டுகளைவிட மூத்தது என்று சொல்ல முடியாது.

சோதனையில் சாம்பல் இல்லை என்று தெரிந்தாலும் கதை முடியவில்லை. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரி அடுக்குகளுக்கு வயது கண்டது எரிமலைச் சாம்பலால் அல்ல. குவார்ட்ஸ் கல்லில் அண்டக் கதிர் உண்டாக்கும் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டும் புதைந்த பிறகு வெவ்வேறு வேகத்தில் குறைவதை வைத்தும், மண்ணில் பதிந்த பழைய காந்தத் திசையை வைத்தும் கண்டார்கள். மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று பார்க்கும் ஒளிர்வு முறையும் உண்டு. அதற்கு மட்டும் நீங்களே மண் எடுக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்.

சுவர் கட்டுவதற்குள் செய்ய வேண்டியது இதுதான். மண் சரியாத பக்கமாகப் பார்த்து, ஆள் துணையோடு இறங்குங்கள். கரணையால் சுவர் முகத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்து, டேப்பைத் தொங்கவிட்டு, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அடுக்கின் அடி, நடு, மேல் மூன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு ஆழத்தை எழுதுங்கள். கரணையை ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். அடி விளிம்பு உள்ளே வருகிற மாதிரி ஒரு செங்கல் அளவுக் கட்டியை உடையாமல் வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, மேல் பக்கம் எது என்று அம்புக்குறி போடுங்கள். கற்கருவி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் பிடுங்காமல் இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, வேலூர்க் கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். மண்ணைப் பார்க்க சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் (ஜியாலஜி) துறையை அணுகலாம். கையோடு லென்ஸில் தெரிந்ததையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

மேஸ்திரியிடம் ஒரு பக்கம் மட்டும், அந்த மட்டத்தில், ஒரு முழ அகலத்துக்குக் கல்லைப் பூசாமல் அடுக்கி வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடிவு வந்த பிறகு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கிணற்றுக்கு ஆபத்து என்று அவர் சொன்னால் வற்புறுத்த வேண்டாம், முழுக்கப் பூசிவிடட்டும்.