நல்ல புத்தகம் ஒன்று தாங்கோ

கேள்வி: உப்புவெளியில் ஒரு சிறு நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். “நல்ல புத்தகம் ஒன்று தாங்கோ” என்பவர்களுக்கு எதைக் கொடுப்பது?

பதில்: உங்களுக்குப் பிடித்ததைக் கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி. நான் அப்படித்தான் மாட்டினேன். நிலாவெளி மீனவர் ஒருவருக்குக் கடல் நாவல் கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்தார்: “கடலைத்தான் நாளும் பார்க்கிறனே, பிள்ளை.” சரி, கடைசியாக எதை விடாமல் வாசித்தீர்கள் என்று கேட்டேன். பேப்பரில் வரும் வழக்குச் செய்தியாம்! துப்பறியும் கதை கொடுத்தேன். அட்டையில் மீன் செதில் ஒட்டியபடி வந்தது, “இன்னொன்று இருக்கா” என்ற கேள்வியோடு.

அப்புறம், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. எண்ணைச் சொல்லி அலுமாரிப் பக்கம் அனுப்பினால் பலர் வெறுங்கையோடு போய்விடுவார்கள். அன்றன்று திரும்பி வரும் புத்தகங்களை உடனே அடுக்காமல் மேசையில் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். கை தானாக நீளும்.