பிறேமில் நூல் பிடித்துப் பாருங்கள்: ஹார்ட்டெயில் சைக்கிள் கேள்வி பதில்

முன்னுக்கு மட்டும் ஷொக் இருந்து, பின்பக்கம் ஷொக் இல்லாமல் விறைப்பாக இருக்கும் மவுண்டன் சைக்கிளைத்தான் ஹார்ட்டெயில் என்கிறோம். குறைந்த காசில் அதை வாங்க நினைக்கிறவர்கள் யாழ்ப்பாணப் பக்கத்து ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. பழைய சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டியே பழகினவன் என்பதால், அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கோண்டாவில்: அண்ணை, என் உயரம் 5 அடி 7 அங்குலம். கடையில் 26, 27.5, 29 அங்குலச் சில்லு மூன்றும் நிற்கிறது. எதை எடுக்க?

29ஐ எடுங்கள் தம்பி, பிறேம் 17 அங்குலம் அளவில் கிடைத்தால். சில்லு பெரிதானால் குழிக்குள் விழாமல் அதன் மேலாலேயே உருண்டு போகும். ஒழுங்கைகளில் கல்லுப் பெயர்ந்து கிடக்கிற இடங்களில் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

ஆனால் வாங்க முதல் ரயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள். ரயர் றிம்மில் உட்காரும் விட்டம் அது, மில்லிமீற்றரில். 29க்கு 622, 27.5க்கு 584, 26க்கு 559. றேசிங் சைக்கிளின் 700சி சில்லும் அதே 622தான். அப்பாக்கள் ஓடின 28 இன்ச் ராலியின் சில்லு 635; 28 என்று பெயர், ஆனால் றிம் 29ஐவிடப் பெரிது. பெயரை நம்பினால் இப்படித்தான் குழம்புவோம். கடையில் “26 ரயர்” என்று மட்டும் கேட்டால் லேடீஸ் சைக்கிளின் 26 x 1 3/8 ரயரை எடுத்துத் தரக்கூடும். அது 590, மவுண்டன் சைக்கிளின் 559 றிம்மில் தொளதொளவென்று நிற்கும்.

வீட்டுக்குக் கிட்ட இருக்கிற இரண்டு கடையில் 622 ரயரும் ரியூப்பும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். இல்லை, 584தான் இருக்கிறது என்றால் 27.5ஐயே எடுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத நல்ல சில்லைவிட, கிடைக்கிற சில்லு மேல். வால்வு மோட்டார் சைக்கிளில் இருப்பது போலத் தடித்ததாக இருக்கட்டும். பெற்றோல் செற்றிலேயே காற்று அடிக்கலாம்.

சாவகச்சேரி: பழைய அலுமினியப் பிறேம் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

எனக்குப் பிடித்த கேள்வி. கியர், பிறேக், சீற் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். பிறேம் பிழையென்றால் எல்லாம் பிழை.

முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். தலைக்குழாயும் (கைப்பிடி திரும்புகிற முன் குழாய்) கீழ்க்குழாயும் (அங்கிருந்து பெடல் அச்சுக்கு இறங்குவது) சேர்கிற மூலையில் நகத்தால் மெதுவாக வருடுங்கள். வெடிப்பு இருந்தால் நகம் தடுக்கும். அந்த இடத்துக்குக் கீழே பெயின்ற் சுருங்கி அலை மாதிரித் தெரிந்தால், முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்கிறது. விட்டுவிடுங்கள். சீற் தண்டு இறங்குகிற வாய், பெடல் அச்சுக்குப் பின்னால் இருக்கிற குழாய்கள், இவற்றையும் அப்படியே பாருங்கள்.

பிறகு பின் சில்லைக் கழற்றிவிட்டு, மேசன்மார் சுவருக்குப் பிடிக்கிற மாதிரி நூல் பிடியுங்கள். பின் அச்சு உட்காரும் ஒரு பக்கக் கவ்வில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றப் பக்கக் கவ்வில் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அடிமட்டத்தால் அளவுங்கள். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. மூன்று, நான்கு என்றால் பிறேம் வளைந்திருக்கிறது. இரும்பை ஓரளவு நிமிர்த்தலாம், அலுமினியத்தை நிமிர்த்தப் போகக்கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். பின் கியர் தொங்குகிற காது தனித் துண்டாக, ஆணியால் பூட்டியிருக்க வேண்டும். விழுந்தால் அது மட்டும்தான் வளையும், மாற்றிவிடலாம். பின் கவ்வுகளின் இடைவெளி 135 மில்லிமீற்றராக இருந்தால் மலிவான ஹப் (சில்லின் நடுத்துண்டு) தாராளமாகக் கிடைக்கும்.

பருத்தித்துறை: நான் 5 அடி 1 அங்குலம். 29 ஓடலாமா அண்ணா?

வேண்டாம் தங்கச்சி. 27.5 அல்லது 26, பிறேம் 14 அல்லது 15. மேல்குழாயை இரண்டு காலுக்கும் நடுவில் விட்டு நின்று பாருங்கள். குறைந்தது இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். பெரிய பிறேமில் சீற்றை இறக்கிச் சமாளிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். உயரம் சரிவரும், ஆனால் கைப்பிடி எட்டாத தூரத்திலேயே நிற்கும். முதுகும் தோளும்தான் நோகும்.

வேலணை: எங்கள் பக்கம் உப்புக்காற்று. இரும்பா, அலுமினியமா?

ஐயா, மலிவு விலையில் அலுமினியம், 6061 என்று கலவையின் எண் எழுதியிருக்கும். குரோமோலி இரும்பு (குரோமியமும் மொலிப்டினமும் கலந்தது) அருமையான சாமான், ஆனால் குறைந்த காசுக்கு வருகிற இரும்பு அநேகமாகப் பாரமான சாதாரண இரும்பு. உள்ளே தண்ணீர் நின்றால் குழாய்க்குள்ளிருந்தே கறல் பிடிக்கும்.

அலுமினியம் கறல் பிடிக்காது, ஆனால் உப்பில் வெள்ளையாகப் பூக்கும். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற இடத்தில் இது இன்னும் மோசம். என் பழைய இரும்புப் பிறேமில் அலுமினியச் சீற் தண்டை ஒரு வருடம் கழற்றாமல் விட்டேன். பிறகு சுத்தியல், வெந்நீர், எண்ணெய் ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் தண்டை வாளால் அறுத்து, மிச்சத்தை உள்ளுக்குள் கீறிக் கீறி எடுத்தேன். இரண்டு நாள் போனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தண்டைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசிப் போடுங்கள்.

சுன்னாகம்: முன்னும் பின்னும் ஷொக் உள்ளது அதே விலைக்கு வருகிறதே?

வாங்க வேண்டாம். அதே காசுக்குள் ஷொக் ஒன்று கூடினால் வேறெங்கோ குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாரமும் கூடும், மிதிக்கிற பலத்தில் கொஞ்சம் ஷொக்கிலேயே போகும்.

நல்லூர்: 26 பிறேமில் 29 சில்லு போடலாமா?

போடலாம் என்று நம்பி வாங்காதீர்கள். றிம்மின் ஆரை 31.5 மில்லிமீற்றர் கூடுகிறது, ரயர் பிறேமில் முட்டும். 27.5க்கு 12.5தான் கூடும். டிஸ்க் பிறேக் உள்ள பிறேமாக இருந்து, மெல்லிய ரயரும் போட்டால் சிலவற்றில் ஏறும். றிம் பிறேக் என்றால் கட்டை றிம்முக்கு எட்டாது.

திருநெல்வேலி: பேராதனைக் கம்பஸ் கிடைத்திருக்கிறது. அங்கே ஓட என்ன பார்க்க வேண்டும்?

வாழ்த்துகள் தம்பி. எங்கள் ஊர் தட்டை, அங்கே ஏற்றம். சில்லின் அளவைவிடக் கியரைப் பாருங்கள். பின்னால் பெரிய பல்சக்கரம் 34 பல்லாவது இருக்கட்டும். மலிவு 7 கியர் சைக்கிள்களில் 28 பல்லோடு நின்றுவிடுவது வழக்கம். பிறேமில் டிஸ்க் பிறேக் பூட்டுகிற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், மழையில் இறங்கும்போது தேவைப்படும்.

வல்வெட்டித்துறை: மணற்காட்டு மணலில் புதையாமல் ஓட 29 போதுமா?

சில்லு கொஞ்சம் உதவும், ரயரின் அகலம்தான் கூட உதவும். பிறேமில் 2.2 அங்குல ரயர் போட்டும் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் போகிற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தார் றோட்டில் 35 பி.எஸ்.ஐ காற்று என்றால் மணலில் 20க்கு இறக்குங்கள். திரும்பி றோட்டில் ஏறியதும் மறக்காமல் பம்பை எடுத்து அடியுங்கள். காற்றுக் குறைவோடு கல்லில் இடித்தால் றிம் ரியூப்பை நசுக்கி, பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும்.