தினமும் ஜெபித்தும் அதே சோதனையில் விழுகிறேன், மனம் சோர்ந்துவிட்டது. என்ன செய்வது?

காலை ஜெபத்தையும் வேதவாசிப்பையும் விடவில்லை, ஆனாலும் அதே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன், இப்போது ஜெபிக்கவே மனம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. இதே சுழலில் ஏழெட்டு வருடம் சுற்றியவன், அவ்வளவுதான்.

எனக்குச் சோதனை இரவு 11 மணிக்கு மேல் கைபேசி வழியாக வரும். எது என்று விளக்க வேண்டாம், புரிந்திருக்கும். விழுந்த மறுநாள் நான் ஜெபிக்க மாட்டேன். எந்த முகத்தோடு ஆண்டவர் முன்னால் போய் நிற்பது? நாலைந்து நாள் ஒழுங்காக இருந்து கொஞ்சம் தகுதி சேர்த்துக்கொண்டு அப்புறம் போகலாம் என்று ஒரு கணக்கு. அந்த நாலைந்து நாள்தான் என்னைக் கெடுத்தது என்று புரிய வெகுகாலம் ஆயிற்று. ஜெபம் இல்லாத நாட்களில் மனம் சோரும். சோர்ந்த மனம் ஆறுதல் தேடும். தேடிப் போய் நிற்கும் இடம் மறுபடியும் அதே கைபேசி. சோதனையும் சோர்வும் தனித்தனி எதிரிகள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஒன்று கதவைத் திறந்துவிட, மற்றது உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஆகவே நான் முதலில் செய்தது ஜெப நேரத்தைக் கூட்டுவது அல்ல. விழுந்தால் அந்த இரவிலேயே ஜெபிப்பது என்று வைத்துக்கொண்டேன். "ஆண்டவரே, மறுபடியும் விழுந்துவிட்டேன், மன்னியும்." அவ்வளவுதான் ஜெபம். முதல் சில தடவை வெறும் பாசாங்கு போல இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. அப்போது எனக்குக் கைகொடுத்தது பேதுருவின் கதை. பேதுரு, யூதாஸ் இருவருமே ஆண்டவரைக் கைவிட்டவர்கள். வருத்தப்பட்டதில் யூதாஸ் குறைந்தவன் இல்லை. காட்டிக்கொடுத்ததற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்துவிட்டுத்தான் போனான். ஆனால் தன் வருத்தத்தைக் கொண்டுபோய்ச் சொல்ல அவனுக்குப் பிரதான ஆசாரியர்தான் கிடைத்தார்கள். பேதுருவோ, இயேசு உயிர்த்தெழுந்த பிறகு ஒருநாள் படகில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, கரையில் நிற்பவர் கர்த்தர் என்று கேட்ட உடனே கடலில் குதித்துவிட்டான். கரைக்கு ஏறக்குறைய 200 முழம்தான். படகு போய்ச் சேரும்வரைகூட அவனுக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த ஆள்!

சரி, விழாமல் இருக்க வழியே இல்லையா? சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்கிறது. நான் அந்தப் போக்கைத் தவறான நேரத்தில் தேடிக்கொண்டிருந்தேன். 11 மணிக்குத் தேடினால் எனக்குக் கண் தெரியாது. 10 மணிக்கு, இன்னும் ஆசை வராத நேரத்தில், அது திறந்தே கிடக்கும்: கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுப்பது. இதில் ஆவிக்குரிய விஷயம் என்ன இருக்கிறது என்று ஒரு நண்பன் சிரித்தான். போத்திபாரின் வீட்டில் அவன் மனைவி ஆசைகாட்டி இழுத்தபோது யோசேப்பு என்ன செய்தான்? முழங்கால்படியிட்டானா? வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

ஓட இடம் இல்லாத நேரத்துக்கு வசனம் வேண்டும், அதுவும் மனப்பாடமாக. வனாந்தரத்தில் 40 நாள் உபவாசித்துப் பசியோடு இருந்தபோது இயேசு சொன்ன மூன்று பதிலும் உபாகமம் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரங்களிலிருந்து வந்தவை. நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, தீய எண்ணங்களுக்குப் பதிலாக மொத்தம் ஏறக்குறைய 500 வசனங்களைத் தொகுத்து வைத்தார். என்னிடம் ஆறு இருக்கின்றன. அதில் நிஜமாகவே கைகொடுப்பவை இரண்டு.

சோர்வைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனம் சோர்ந்தாலே விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற எலியா தீர்க்கதரிசிதான், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்டது, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். நான் மோசமாக விழுந்த நாட்களைத் திரும்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் சரியாகத் தூங்காத வாரங்கள். உங்கள் சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஜெபிப்பதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. பேச வார்த்தை இல்லாவிட்டால் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். கடைசிவரை விடியாமலே முடியும் சங்கீதம் அது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

தினசரி ஒழுங்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வருடத்தில் முழு வேதத்தையும் முடிப்பது என்று ஒருமுறை கிளம்பினேன். 1189 அதிகாரம், நாளுக்கு மூன்று நான்கு. லேவியராகமத்தில் பாக்கி விழ ஆரம்பித்து, பாக்கியே ஒரு புதிய குற்ற உணர்ச்சியாகி, ஏப்ரலில் புத்தகத்தை மூடிவிட்டேன். இப்போது காலையில் ஒரு சங்கீதம், கொஞ்சம் சுவிசேஷம், பத்து நிமிடம். விட்டுப்போன நாளை மறுநாளோடு சேர்ப்பதில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னாவையே மறுநாளுக்கு எடுத்துவைத்தால் புழுத்துப்போயிற்று.

கடைசியாக, எனக்கு மிகக் கடினமாக இருந்தது: இன்னொரு மனிதனிடம் வாய்விட்டுச் சொன்னது. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16ஐ எத்தனையோ தடவை வாசித்திருந்தும் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். சபையில் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வாயை அடக்கத் தெரிந்த ஒருவர் போதும். மேலே சிரித்தான் என்றேனே, அவன்தான். ஞாயிறு இரவு "எப்படி?" என்று ஒரே வார்த்தை அனுப்புவான். பெரும்பாலும் "நிற்கிறேன்" என்று பதில் போடுகிறேன். போன மாதம் ஒருமுறை "விழுந்தேன், ஜெபித்துவிட்டேன்" என்று அனுப்பினேன். "சரி, தூங்கு" என்றான்.