வேதமும் வாழ்வும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் நெஞ்சுவலியால் கர்த்தருக்குள் நித்திரையடைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அன்றிரவு ஒரு மணி நேரம் முன்னதாக மருத்துவமனைக்குக் கிளம்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. ஜெபிக்க முழங்கால்படியிட்டால் வார்த்தை வருவதில்லை, அழுகைதான் வருகிறது. "இத்தனை மாதமாகியும் அழுவது விசுவாசக் குறைவு" என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். தேவன் என்னோடு இருக்கிறார் என்று வாசிக்கிறேன், ஆனால் உணர முடியவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து உட்காரும் இருக்கையைப் பார்க்கவே முடியாததால் மூன்று வாரமாக ஆலயத்துக்கும் போகவில்லை. நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் அழுகை விசுவாசக் குறைவு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ மனதில் வைத்தே பேசுகிறார்கள். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத்" துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் அங்கே எழுதுகிறாரே தவிர, துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை. நம்பிக்கை உள்ளவர்களும் துக்கிப்பார்கள். அந்தத் துக்கத்துக்கு அவர் காலக்கெடு எதுவும் குறிக்கவில்லை.

யோவான் சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரத்தை மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகும் இயேசு இரண்டு நாள் தாமதித்தே புறப்படுகிறார். அவர் பெத்தானியாவுக்கு வந்து சேரும்போது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாளாகிவிட்டது. மார்த்தாள் அவரிடம் "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். சற்று நேரம் கழித்து மரியாளும் அவர் பாதத்தில் விழுந்து அதையேதான் சொல்கிறாள். "ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருந்தால்" என்று நீங்கள் இரவுதோறும் உங்களையே கேட்டுக்கொள்வது இந்தச் சகோதரிகளின் வாக்கியத்துக்கு மிக நெருங்கியது. அவர்கள் அதைத் தங்களுக்குள் வைத்துக் குமையாமல் ஆண்டவரிடமே கொண்டுபோனார்கள், அவரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரே வாக்கியத்தைச் சொன்ன இருவருக்கும் அவர் ஒரே பதிலைத் தரவில்லை என்பதையும் கவனியுங்கள். மார்த்தாளுக்கு "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வாக்குத்தத்தம் கிடைத்தது. அழுதுகொண்டு வந்த மரியாளுக்கு அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, "இயேசு கண்ணீர் விட்டார்" என்றே 35-ஆம் வசனம் சொல்கிறது. இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் அவர் அழுதார். அப்படியிருக்க, உயிர்த்தெழுதலை நம்புகிற நீங்கள் அழுவதை யார் குறைசொல்ல முடியும்?

நான் ஊழியத்துக்கு வந்த புதிதில், துக்க வீட்டுக்குள் நுழைந்ததுமே "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் 8:28-ஐ வாசித்துவிடுவேன். வசனம் சத்தியமானது, ஆனால் நான் அதை வாசித்த நேரம் தவறானது. அதற்காக இன்றும் வருந்துகிறேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான்.

தேவனுடைய சமுகத்தை உணர முடியவில்லை என்கிறீர்கள். அவர் அருகில் இருப்பதும், அதை நாம் உணர்வதும் ஒன்றல்ல. எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் 23-ஆம் சங்கீதத்தில் ஒரு மாற்றம் இருக்கிறது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று முதல் மூன்று வசனங்களிலும் தாவீது தேவனைப் பற்றிப் பேசுகிறான். மரண இருளின் பள்ளத்தாக்கு வரும் நான்காம் வசனத்திலோ "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று அவரிடமே பேசத் தொடங்கிவிடுகிறான். புல்வெளியில் "அவர்" என்றவன், இருளுக்குள் வந்ததும் "தேவரீர்" என்கிறான். பள்ளத்தாக்கு உடனே முடிந்துவிடும் என்று அந்தச் சங்கீதம் சொல்லவில்லை. நடக்கிறவன் தனியாக நடக்கவில்லை என்று சொல்கிறது. பரிசுத்த ஆவியானவரை நம் வேதாகமம் "தேற்றரவாளன்" என்கிறது. அதன் கிரேக்க மூலச்சொல்லான பராக்லேட்டோஸுக்கு, துணைக்காகப் பக்கத்தில் அழைக்கப்பட்டவர் என்பதே பொருள்.

வார்த்தை வராத நாட்களில் வார்த்தையைத் தேட வேண்டாம். ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வதால், உங்கள் அழுகையையே ஜெபமாக ஒப்புக்கொடுக்கலாம். வார்த்தை வேண்டுமென்று தோன்றினால் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது தொடக்கம் முதல் முடிவு வரை இருளிலேயே இருக்கிறது, கடைசி வரியிலும் விடியவில்லை. ஆயினும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைத்துத்தான் அது தொடங்குகிறது.

சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பியது உபதேசமல்ல, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். அவன் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான், தூதனும் மறுபடியும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆகவே வேளைக்குச் சாப்பிடுங்கள். தூக்கமும் பசியும் இன்னும் திரும்பவில்லையானால் மருத்துவரைப் பாருங்கள், அது விசுவாசத்துக்கு எதிரானதல்ல. "அந்த ஒரு மணி நேரம்" பற்றியும் அவரிடமோ, உங்கள் கணவருக்குச் சிகிச்சை அளித்தவரிடமோ நேரடியாகக் கேளுங்கள்; தனியே யோசித்து நம்மீது சுமத்திக்கொள்ளும் குற்றம் பல நேரங்களில் உண்மையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

ஆலயத்தைப் பொறுத்தவரை, அந்த இருக்கையில்தான் நீங்கள் உட்கார வேண்டும் என்பதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கியபின் சென்று, வாசலுக்கு அருகிலுள்ள கடைசி வரிசையில், உங்களிடம் கேள்வி கேட்காத ஒரு தோழியோடு உட்காருங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். தாங்க முடியாமல் போனால் இடையிலேயே எழுந்து வந்துவிடலாம். உங்கள் ஆயரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர் புரிந்துகொள்வார். அடுத்த வாரம் மறுபடியும் முயன்று பாருங்கள்.